ஆராய்ச்சித் துணைவரின் முதலாண்டு

பெருநூல்களின் முகப்பேட்டில் ஒருவர் பெயரோ இருவர் பெயரோ பொறிக்கப்பெற்றிருக்கும். அந்நூல் உருவாதற்கு உழைத்த கைகளோ பல. ஏடு பெயர்த்து எழுதினோர், பிரதிகளை ஒப்பு நோக்கிப் பாடபேதம் குறித்தோர், சொற்களை அகர வரிசைப்படுத்தினோர், அச்சுத்தாள் திருத்தினோர் ஆகிய பலருடைய உழைப்பின்மேலேயே நூலாசிரியர் தம் கட்டடத்தை எழுப்புகின்றார். இத்தகைய பணி செய்வாரையே இக்காலத்துப் பல்கலைக் கழகங்கள் ஆராய்ச்சி உதவியாளர் என்று அழைக்கின்றன. உடனிருந்து உழைப்பவர் என்னும் பொருள் தோன்ற, யாம் அவரை இக்கட்டுரையில் ஆராய்ச்சித் துணைவர் என வழங்குகின்றோம்.

கலாசாலைப் படிப்பு முடியுந்தறுவாயில் நிற்கும் மாணவர் முன் இத்தொழிலும் ஒரு வழியாகத் திறந்து கிடக்கின்றது. ஆயினும் இதனைப் பற்றி நம்மிடையே நிலவும் எண்ணங்கள் இரண்டும் பிழைபட்டனவே. ஒரு சாரார் இதனை நல்ல வேலை வாய்க்குமளவும் தங்கியிருக்கும் சத்திரமாகக் கருதுகின்றனர். மற்றொரு சாரார், அறிஞர் அவையில் இடம் பெற்றுவிட்டோம் என்று முதல் நாளிலேயே மகிழ்ந்து, மூன்றாந் திங்களில் சீட்டு எழுதியும் அட்டவணை வகுத்தும் சலிப்புற்று நீங்குகின்றனர். இவ்விரு திறத்தாரும் அத்தொழிலின் இயல்பை அறியாதவர். பிறர் சோதித்துப் பாராத சிறு வேலையிலும் உண்மை வழுவாமல் இருப்பதே துணைவர் தரும் செல்வம். அவ்வுழைப்பை மறையாமல் அவர் பெயரோடு உலகிற்கு அறிவிப்பதே தலைவர் திருப்பித் தரவேண்டிய கடன். இவ்விரண்டும் ஒருங்கு நிற்குமிடத்தே துணைவர் அறிஞராக வளர்கின்றார். இக்கருத்தை விளக்குதலே எம் நோக்கமாகும்.

பேரகராதி கற்பிக்கும் பாடம்

துணைவர் பணியின் தன்மையைத் தமிழுலகில் காண விரும்புவோர் சென்னைப் பல்கலைக் கழகத் தமிழ்ப் பேரகராதியைக் காண்பாராக. 1862-இல் மைரன் வின்சுலோ என்னும் அமெரிக்க மிஷனரியார் வெளியிட்ட தமிழ் ஆங்கில அகராதியைத் திருத்தி விரிக்கும் நோக்கத்தோடு எழுந்த முயற்சி அது. 1913-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் மதுரையில் வேலை தொடங்கிற்று. அமெரிக்க மதுரை மிஷனைச் சேர்ந்த ஜே. எஸ். சாண்டலர் முதற் பதிப்பாசிரியராய் அமர்ந்தார். அலுவலகம் பின்னர்ச் சென்னைக்கு மாற்றப்பெற்றது. சாண்டலர் 1922-இல் ஓய்வு பெற்றபின் பலர் கைமாறி, 1926-இல் எஸ். வையாபுரிப் பிள்ளை அப்பொறுப்பினை ஏற்றார். 1924-இல் அச்சிற் புறப்படத் தொடங்கிய அந்நூலின் ஆறு தொகுதிகளும் 1936-இல் நிறைவெய்தின; அநுபந்தம் 1939-இல் வெளிவந்தது. தொடக்கத்தில் ஒரு லக்ஷ ரூபாய் செலவாகும் என்று மதிப்பிடப்பட்ட வேலைக்கு முடிவில் நான்கு லக்ஷத்துக்கும் மேற்பட்ட பொருள் செலவாயிற்று.

இவ்வரலாற்றில் துணைவராக விரும்புவோர் ஊன்றி நோக்கவேண்டிய செய்தி ஒன்றுண்டு. பதிப்பாசிரியர்கள் மாறினர், அலுவலகம் ஊர் மாறிற்று, செலவுக் கணக்கும் மாறிற்று. ஆனால் தலைமைத் தமிழ்ப் பண்டிதராக அமர்ந்த மு. இராகவையங்கார் ஏறத்தாழக் கால் நூற்றாண்டு அப்பணியில் நிலைத்து நின்றார். தலைவர் மாறுந்தோறும் வேலை அறுந்து போகாமல் தாங்கியவர்கள் இத்தகைய உள்ளிருந்து உழைத்தோரே என்பதில் ஐயமில்லை.

பேரகராதியின் ஒரு பக்கத்தைத் திறந்து ஒரு சொல்லை மட்டும் பாருங்கள். சொல், அதன் ஒலிபெயர்ப்பு, இலக்கணக் குறிப்பு, இனமொழிகளில் உள்ள வடிவம், தமிழிலும் ஆங்கிலத்திலும் பொருள், அப்பொருட்கு ஆட்சியாக நூற்பெயரின் சுருக்கமும் செய்யுள் எண்ணும் என இவ்வளவும் நான்கைந்து வரிக்குள் அடங்கியிருக்கும். அவ்வொரு செய்யுள் எண்ணைச் சேர்ப்பதற்கு யாரோ ஒருவர் அந்நூலை எடுத்து, அவ்விடத்தைக் கண்டு, பொருள் பொருந்துமாவென ஆராய்ந்து குறித்திருத்தல் வேண்டும். இவ்வாறு ஒரு லக்ஷத்துக்கு மேற்பட்ட சொற்களுக்குச் செய்தனர் என எண்ணுங்கால், ஆராய்ச்சி என்பதன் பெரும்பகுதி எத்தகைய வேலையென்பது விளங்கும். அறிவின் ஒளி திடீரெனத் தோன்றும் கணங்கள் மிகச் சில; ஓர் எண்ணைச் சரிபார்க்கும் மணிகளோ கணக்கற்றவை.

தொலைந்துபோன சீட்டுகள்

சென்னைப் பேரகராதிக்கு முன்னரே இங்கிலாந்தில் இத்தகைய மற்றொரு பெருவேலை தொடங்கியிருந்தது. அதுவே ஆக்ஸ்போர்டு ஆங்கிலப் பேரகராதி. 1857-இல் எண்ணம் முளைத்து, 1879-இல் ஜேம்ஸ் மரே பதிப்பாசிரியராய் அமர்ந்து, 1884-இல் முதற் பகுதி வெளிவந்து, 1928-இல் நிறைவுற்ற நூல் அது. ஊர்தோறுமிருந்த வாசகர்கள் நூல்களைப் படித்து, ஒரு சொல் வந்த இடத்தைத் தனித்தனிச் சீட்டில் எழுதி அனுப்பினர். அச்சீட்டுகளைத் துணைவர்கள் அகர வரிசையாக அடுக்கிப் பொருள் வகுத்தனர். அவ்வாறு வந்த மேற்கோள்களுள் ஏறத்தாழ 18 லக்ஷம் அச்சேறின.

அவ்வளவு விழிப்போடு நடந்த வேலையிலும் ஒரு சொல் விடுபட்டுப்போயிற்று. அடிமைப் பெண் என்னும் பொருளுடைய 'பாண்ட்மெயிட்' என்ற சொல்லுக்குரிய சீட்டுகள் எங்கோ இடம் மாறிக் கிடந்தமையால், 1888-இல் நிறைவுற்ற முதற் தொகுதியில் அச்சொல் இடம்பெறவில்லை. 1611-ஆம் ஆண்டின் ஆங்கில வேத மொழிபெயர்ப்பில் ஆகாரைக் குறித்துக் கலாத்தியர் நிருபத்தில் வரும் சொல்லே அது. ஆலயந்தோறும் வாசிக்கப்பட்ட சொல். அஃது 1933-இல் வெளிவந்த அநுபந்தத்திலேதான் சேர்க்கப்பெற்றது. சில சிறு தாள்கள் இடம் மாறின; ஒரு சொல் நாற்பத்தைந்து ஆண்டு அகராதிக்கு வெளியே நின்றது. துணைவர் கையிலுள்ள சிறு தாளின் மதிப்பினை இதனினும் தெளிவாகக் காட்டுவது அரிது.

அவ்வகராதி அலுவலகமே பல அறிஞர்க்குப் பயிற்சிச் சாலையாகவும் இருந்தது. 1895-இல் துணைவராகச் சேர்ந்த சி. டி. ஆனியன்ஸ் 1914-இல் பதிப்பாசிரியர் நால்வருள் ஒருவரானார். பிற்காலத்தில் பெரும்புகழ் எய்திய ஜே. ஆர். ஆர். டோல்கீன் முதல் உலகப் போரினின்று மீண்டபின் 1919, 1920 ஆகிய ஆண்டுகளில் அங்குத் துணைவராயிருந்து, 'டபிள்யூ' என்னும் எழுத்தின் தொடக்கத்திலுள்ள சில சொற்களை ஆராய்ந்தார். 'வால்ரஸ்' என்னும் கடல் விலங்கின் பெயர் எவ்வாறு பிறந்தது என்பதனை அவர் மீண்டும் மீண்டும் எழுதித் திருத்திய சீட்டுகள் இன்றும் பாதுகாக்கப்பெறுகின்றன. அத்துணைச் சிறு காலத்தில் அத்துணை மிகுதியாகக் கற்றது தம் வாழ்வில் வேறொரு போதும் இல்லை என்னும் கருத்துப்பட அவரே பின்னாளிற் கூறினார். 1920-இல் அவர் லீட்ஸ் பல்கலைக் கழகத்திற்கு ஆசிரியராகச் சென்றார். ஒரு விலங்கின் பெயரோடு போராடியவர் வீண்காலம் போக்கியவரல்லர் என்பது இதனாற் புலனாகும்.

முதலாண்டில் பயில வேண்டுவன

இனி, தமிழ்த் துறையில் துணைவராய்ச் சேர்வோர் முதலாண்டிற் பயில வேண்டிய ஒழுங்குகளைச் சுருங்கக் கூறுவோம்.

முதலாவது, கண்டதனைக் கண்டவாறே எழுதுதல். இஃது எளிதென்று தோன்றும். செய்யப் புகுந்தால் அருமை தெரியும். பழைய ஓலைச் சுவடிகளிற் புள்ளியிடும் வழக்கம் பெரும்பாலும் இல்லை. எகர ஏகாரங்களுக்கும் ஒகர ஓகாரங்களுக்கும் வேறுபாடு காட்டியது புள்ளியேயாதலின், புள்ளியில்லாத ஏட்டில் 'எரி' என்பதும் 'ஏரி' என்பதும் ஒரே வடிவில் நிற்கும். நெருப்போ நீர்நிலையோ என்பதனை இடம் நோக்கியே துணிதல் வேண்டும். 'கொடி' என்பதும் 'கோடி' என்பதும் அவ்வாறே. ஏகாரத்திற்கு இக்காலத்து வடிவத்தைத் தந்தவர் வீரமாமுனிவர் என்று கூறுவது மரபு. ஆகவே அவருக்கு முற்பட்ட மரபில் எழுதப்பெற்ற சுவடியைப் பெயர்த்தெழுதும் துணைவர் ஒவ்வோரடியிலும் ஒரு தீர்ப்பு வழங்குகின்றார். அவ்வாறு தீர்ப்பு வழங்கிய இடத்தை ஒரு குறியிட்டுக் காட்டினால் பின்வருவோர் அதனை மீண்டும் ஆராயலாம். குறியிடாது விட்டால், அவருடைய ஊகம் புலவருடைய வாக்காகவே நின்றுவிடும்.

இரண்டாவது, இடம் குறித்தல். எந்நூல், எப்பதிப்பு, எவ்வாண்டு, எப்பக்கம், எச்செய்யுள் என்பனவற்றை அப்பொழுதே எழுதிவிட வேண்டும். பதிப்புக்குப் பதிப்பு எண் வேறுபடுதலும் பாடம் வேறுபடுதலும் தமிழ் நூல்களில் உண்டு. பின்னர்ப் பார்த்துக்கொள்வோம் என விட்ட குறிப்பு, ஆறு திங்கள் கழித்து ஒரு முழு நாளை விழுங்கிவிடும்.

மூன்றாவது, பிறர் கூற்றையும் தம் கருத்தையும் கலவாமை. நூலிற் கண்டது ஒரு பக்கம், தமக்குத் தோன்றியது மறு பக்கம் என வகுத்துக்கொள்ளுதல் நன்று. கற்றறிந்தோர் பலர் பழிக்கு உள்ளானதற்குக் காரணம், பழைய குறிப்புப் புத்தகத்தில் இருந்த பிறர் வாக்கியத்தைத் தமதென மயங்கி அச்சிட்டமையே. களவு எண்ணத்தாற் பிறவாவிடினும், படிப்போர் கண்ணுக்கு அது களவாகவே தோன்றும்.

நான்காவது, படி எடுத்துவைத்தல். எரேமியா தீர்க்கதரிசி சொல்லச் சொல்லப் பாருக்கு எழுதிய சுருளை யோயாக்கீம் அரசன் துண்டு துண்டாக அறுத்து நெருப்பிலிட்டான் என்று வேதம் கூறுகின்றது. பாருக்கு மனந்தளராது மற்றொரு சுருளில் அவ்வனைத்தையும் மீண்டும் எழுதினான். சொன்னவர் உயிரோடிருந்தமையால் அது கூடிற்று. நம் சுவடிகளைச் சொன்னவர் எவரும் இன்றில்லை. ஆதலின் ஒன்றுக்கு இரண்டாகப் படி வைத்துக்கொள்வதும், அவற்றை வெவ்வேறிடத்தில் வைப்பதும் துணைவர் கடமை. கணிப்பொறியில் எழுதுவார்க்கும் இவ்விதி பொருந்தும்.

ஐந்தாவது, பொறியின் உதவியை அளவறிந்து கொள்ளுதல். அச்சுப் பக்கத்தைப் படம் பிடித்து எழுத்தாக மாற்றும் பொறிகள் இன்று உண்டு. எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முற்பட்ட நூல்களிலுள்ள பழைய 'ணை', 'லை' போன்ற வடிவங்களையும், மங்கிய அச்சினையும், ணகர னகர வேறுபாட்டினையும் அவை பிழைபடக் கொள்வதுண்டு. கேட்ட வினாவிற்கு விடையெழுதித் தரும் பொறிகளோ, இல்லாத செய்யுளையும் இல்லாத பக்க எண்ணையும் உண்மைபோற் புனைந்து தருதல் கூடும். பொறி தந்ததனை மூலத்தோடு ஒத்துப் பார்த்துக் கைக்கொள்பவர் துணைவர். ஒத்துப் பாராமற் கைக்கொள்பவர் தம் பெயரைப் பொறிக்கு இரவல் கொடுத்தவர்.

ஆறாவது, ஒவ்வாததனை ஒதுக்காமை. இதற்கு விஞ்ஞானத் துறையிலிருந்து ஓர் எடுத்துக்காட்டுத் தருவோம். 1967-இல் கேம்பிரிட்ஜில் ஆராய்ச்சி மாணவியாயிருந்த ஜோஸ்லின் பெல், வானொலி அலைகளைப் பதியும் கருவி நாள்தோறும் ஏறத்தாழ 30 மீட்டர் நீளத்துக்குக் கக்கிய தாளைத் தம் கண்ணாலேயே ஆராய்ந்து வந்தார். அதில் அரை அங்குல அளவில் ஒரு கிறுக்கல். மனிதர் ஆக்கிய இரைச்சலும் அன்று, அறிந்த விண்பொருளும் அன்று. பிழையென்று தள்ளாமல் அவர் அதனைப் பின்தொடர்ந்தமையால் துடிப்பு விண்மீன்கள் வெளிப்பட்டன. நம் துறையிலும் உரையோடு பொருந்தாத பாடமும், அகராதியில் இல்லாத சொல்லும், கணக்கிற்கு ஒவ்வாத கல்வெட்டு ஆண்டும் அடிக்கடி எதிர்ப்படும். அவற்றைச் சரிசெய்துவிட வேண்டுமென்ற ஆசை இளைஞர்க்கு இயல்பு. சரிசெய்யாமல் குறித்து வைத்துத் தலைவரிடம் காட்டுதலே துணைவர்க்கு அழகு.

சேரும் வழிகள்

இத்தொழிலிற் புகுவதற்கு நம் நாட்டில் இன்று இரண்டு வாயில்கள் முதன்மையானவை.

ஒன்று, பல்கலைக் கழக மானியக் குழுவின் தேசியத் தகுதித் தேர்வு. அது தேசியத் தேர்வு முகமையால் நடத்தப்பெறுகின்றது. பொதுத் தாளில் 50, பாடத் தாளில் 100 ஆக 150 வினாக்கள், 300 மதிப்பெண், மூன்று மணி நேரம். தமிழ் அதன் பாடங்களுள் ஒன்று. அதில் மேனிலை பெறுவோர்க்கு இளநிலை ஆய்வு உதவித்தொகை உண்டு. 2023 சனவரி முதல் நாளிலிருந்து அது திங்களுக்கு ரூ. 37,000 என வகுக்கப்பட்டது. ஈராண்டுக்குப் பின் முதுநிலைக்கு உயர்வார்க்கு ரூ. 42,000. முதுகலைப் பட்டம் பெற்றோரேயன்றி, நான்காண்டு இளங்கலைப் படிப்பில் நூற்றுக்கு 75 விழுக்காடு பெற்றோரும் 2024 முதல் இத்தேர்வெழுத இடம் தரப்பட்டது. முன்னாளில் முனைவர் பட்டத்துக்குப் படியாக விளங்கிய எம்.பில். பட்டம் 2022-ஆம் ஆண்டின் விதிகளால் நிறுத்தப்பட்டதென்பதனையும் அறிந்துகொள்ள வேண்டும். விதிகள் மாறுந் தன்மையன; ஆதலின் விண்ணப்பிக்கும் ஆண்டின் அறிக்கையை முழுவதும் படித்த பின்னரே முடிவு செய்க.

மற்றொன்று, ஒரு பேராசிரியரின் ஆராய்ச்சித் திட்டத்தில் சேர்தல். இந்தியச் சமூக அறிவியல் ஆராய்ச்சிக் குழு போன்ற அமைப்புகளிடம் பேராசிரியர் பொருளுதவி பெற்று ஒரு திட்டத்தை நடத்துங்கால், அதற்கெனத் துணைவரை அமர்த்துகின்றார். இதற்கு விண்ணப்பிப்போர் பேராசிரியரின் நூலொன்றையேனும் கட்டுரையொன்றையேனும் முழுவதும் படித்துச் செல்க. விண்ணப்பத்தில் தம்மைப் புகழ்ந்தெழுதும் பத்து வரியினும், தாம் செய்த ஒரு சிறு சொல்லடைவோ, இரு பதிப்புகளை ஒப்பிட்ட ஒரு பக்கமோ அதிகம் பேசும். படிக்கும் காலத்திலேயே நம் கலாசாலை நூல்நிலையத்தில் இத்தகைய வேலையொன்றை மேற்கொள்வதற்குத் தடையேதுமில்லை. ஒரு சிறு நூலை எடுத்து, அதன் சொற்களை அகர வரிசைப்படுத்தி முடித்தவர், தமக்கு இத்தொழில் ஏற்குமா ஏலாதா என்பதனைப் பிறரைக் கேளாமலே அறிந்துகொள்வார்.

இவ்விரண்டாம் வாயிலின் இன்னலையும் மறைத்தல் நேர்மையன்று. திட்டம் முடியும் நாளில் வேலையும் முடியும். பொருள் வந்து சேரத் தாமதித்தால் ஊதியமும் தாமதிக்கும். பட்டம் பெற்ற பிள்ளையின் முதற் சம்பளத்தை எதிர்பார்த்துக் கடன் வாங்கியிருக்கும் குடும்பங்கள் நம்மவருள் பல. தங்கையின் படிப்பும் தந்தையின் மருந்தும் ஒருவர் தோள்மேல் நிற்க, அவரை நோக்கி, அறிவுத் தொண்டுக்காக அனைத்தையும் துறந்து வருக என்று அழைப்பதற்கு யாம் துணியோம். அத்தகையோர் ஆசிரியப் பணியோ பிறிதொரு பணியோ ஏற்று, ஓய்ந்த நேரத்தில் ஆராய்தல் இழிவன்று. வையாபுரிப் பிள்ளையே வழக்கறிஞராய்த் தொழில் நடத்திக்கொண்டு தமிழாராய்ந்தவர்தாம். பேரகராதிப் பொறுப்பு அதன் பின்னரே அவரைத் தேடி வந்தது. தொழிலைக் காலந் தாழ்த்தித் தொடங்குதல் கூடும். ஆராயும் பழக்கத்தைக் காலந் தாழ்த்தித் தொடங்குதல் அரிது.

பெயர் என்னும் கடன்

இதுகாறும் துணைவர் கடமையையே கூறினோம். இனித் தலைவர் கடமையைக் கூறாது விடின், எம் கட்டுரை ஒரு சிறகால் பறக்க முயன்ற பறவையாகும்.

மேலே குறித்த வின்சுலோ அகராதியின் முகப்பேட்டினைக் காண்க. காலஞ்சென்ற ஜோசப் நைட் என்பவரும் பிறரும் தொகுத்து வைத்த கையெழுத்துப் பொருளும் அந்நூலுக்குப் பயன்பட்டதென அம்முகப்பு அறிவிக்கின்றது. மறைந்தவரின் உழைப்பை மறவாமை வின்சுலோவின் பெருந்தன்மை. தகுதி வாய்ந்த சுதேச வித்துவான்களின் துணையும் பெற்றதாக அதே முகப்புக் கூறுகின்றது. ஆனால் அவ்வித்துவான்கள் ஒருவரின் பெயரும் அம்முகப்பில் இல்லை. அக்காலத்து அச்சு மரபு அவ்வாறிருந்தது என்பர். அம்மரபைக் குறைகூறுதல் எம் நோக்கமன்று. மிஷன் கலாசாலையில் தமிழ் பயிலும் யாம் மிஷனரிமார் ஆக்கிய நூல்களுக்கு என்றும் கடமைப்பட்டவர்கள். அந்நூல்களைத் தோளிற் சுமந்த தமிழ்ப் புலவர்களுக்கும் அவ்வளவே கடமைப்பட்டவர்கள். ஆனால் அம்முகப்பினை மட்டும் நோக்குமிடத்து எவர்க்கு நன்றி சொல்வதென்று நமக்குத் தெரியாமற் போகின்றது. பெயரை விடுவதால் நேரும் குறை உழைத்தவர்க்கு மட்டுமன்று. நன்றி செலுத்த விரும்பும் பின்னோர்க்கும் அதுவே குறை.

இதற்கு மாறான ஒரு வழியும் உண்டு. அமெரிக்காவில் ஹார்வர்டு வானாய்வு நிலையத்தில் மணிக்கு 30 சென்ட் கூலியில் ஒளிப்படத் தகடுகளை ஆராய்ந்தவர் ஹென்றியேட்டா லெவிட் என்னும் பெண்மணி. ஒளி மாறும் விண்மீன்கள் 25-ஐ ஆராய்ந்து, அவற்றின் ஒளிக்கும் அவை மாறும் காலத்திற்கும் உள்ள இயைபினை அவர் கண்டார். 1912-இல் அவ்வறிக்கை நிலையத் தலைவர் எட்வர்டு பிக்கரிங்கின் கையொப்பத்தோடு வெளிவந்தது. ஆயினும் இதனை ஆக்கியவர் மிஸ் லெவிட் என்பதனை முதல் வாக்கியத்திலேயே பிக்கரிங் எழுதிவிட்டார். அவ்வொரு வாக்கியம் இருந்தமையால், பிற்காலத்தில் விண்மீன் மண்டலங்களின் தொலைவை அளந்தோர் எவர் கண்டுபிடிப்பின்மேல் நிற்கின்றோம் என்பதனை அறிந்தனர். கூலி சிறிதாயினும் பெயர் நிலைத்தது.

பெயர் குறித்தும் பரிசு விலகிப்போன வரலாறும் இல்லாமலில்லை. துடிப்பு விண்மீன் கண்டமைக்காக 1974-இல் அளிக்கப்பெற்ற நோபெல் பரிசில் ஜோஸ்லின் பெல்லுக்குப் பங்கு இல்லை. அவருடைய வழிகாட்டியார் அதனைப் பெற்றார். நாற்பத்து நான்கு ஆண்டுகள் கழிந்து 2018-இல் முப்பது லக்ஷம் டாலர் கொண்ட மற்றொரு பெரும் பரிசு அவரை அடைந்தது. அப்பொருள் முழுவதையும், வாய்ப்புக் குறைந்த மாணவர் பௌதிக ஆராய்ச்சி செய்வதற்கே அவர் வழங்கிவிட்டார். தாம் பெறாததனைப் பின்வருவோர் பெறவேண்டும் என்ற நெஞ்சம் அது.

வேதத்தில் நாம் பலமுறை வாசித்தும் கவனியாது கடந்துபோகும் ஓரிடம் உண்டு. ரோமாபுரியார்க்குப் பவுல் அப்போஸ்தலர் விடுத்த நிருபத்தின் கடைசி அதிகாரத்தில், அதனை எழுதிய தெர்தியு என்பவர் தம் பெயரைச் சொல்லித் தாமே வாழ்த்துக் கூறுகின்றார். சொன்னவர் பவுல், எழுதிய கை தெர்தியுவினது. அக்கைக்கு உரியவர் தம் பெயரைச் சொல்ல ஒரு வரி இடம் கொடுக்கப்பட்டது. அதனால் நிருபத்தின் மாட்சி சிறிதும் குறையவில்லை. தலைவர் துணைவர் உறவுக்கு இதனினும் நல்ல இலக்கணத்தை யாம் அறியோம்.

ஆகவே சேருமுன் சில வினாக்களைப் பணிவோடு கேட்டுத் தெளிதல் வேண்டும். பணிக்காலம் எவ்வளவு? ஊதியம் எவ்வளவு, எந்நாளில்? தம் சொந்தப் பட்ட ஆராய்ச்சிக்கு வாரத்தில் எத்தனை நாழிகை ஒதுக்கப்படும்? வெளிவரும் நூலிலும் கட்டுரையிலும் துணைவர் பெயர் எவ்விடத்தில் வரும்? இவற்றை எழுத்தில் பெறுதல் இருவர்க்கும் நன்று. இங்ஙனம் கேட்டல் குருவை அவமதித்தலாகும் என நம்மவர் கூசுவர். மரியாதையோடு கேட்ட வினாவிற்கு நல்லாசிரியர் சினங்கொள்ளார். சினங்கொள்வாராயின், அதுவும் சேருமுன் அறிந்துகொள்ளத்தக்க ஒரு செய்தியே.

துணைவர்க்கும் இக்கடனில் ஒரு பங்குண்டு. நூல்நிலையத்தில் ஏடு எடுத்துத் தந்தவர், கல்வெட்டு இருக்குமிடம் காட்டிய ஊரவர், நாட்டுப் பாடலையோ வட்டாரச் சொல்லையோ சொல்லித் தந்த பாட்டி ஆகியோர் துணைவர்க்குத் துணைவர். தம் பெயர் விடுபட்டதற்கு வருந்துவோர், தாம் பிறர் பெயரை விட்டோமா என்பதனையும் நோக்குதல் வேண்டும். பாட்டியின் இசைவு பெற்று அவர் பெயரும் ஊரும் குறிப்பேட்டில் ஏறுமாயின், அந்நாளில் துணைவர் தாமும் ஒரு தலைவராகின்றார்.

முடிவுரை

மாணவ நண்பர்களே! இத்தொழில் எல்லார்க்கும் உரியதென்று யாம் கூறவில்லை. விரைவிற் பொருளும் புகழும் வேண்டுவோர்க்கு இதனினும் நல்ல வழிகள் பல. ஓர் எழுத்து எரியா ஏரியா என்று துணிவதற்கு ஒரு மாலைப் பொழுது முழுவதையும் செலவிட்டு, விடை கிடைத்தபொழுது பக்கத்தில் எவரும் இல்லாவிடினும் மகிழ்ச்சியடையக் கூடியவர் எவரோ, அவர்க்கே இஃது உரியது. அத்தகையவர் நம் வகுப்பறைகளில் இன்றும் இருக்கின்றனர். அவர்கள் அஞ்சாது முன்வருக. கேட்க வேண்டியவற்றைக் கேட்டுச் சேர்க. சேர்ந்தபின் எவரும் பாராத சீட்டினையும் எல்லாரும் பார்ப்பதாகவே எண்ணி எழுதுக.

எம் ஆசிரியப் பெருமக்களுக்கும் ஒரு விண்ணப்பம். தங்கள் நூல்களுக்கும் கட்டுரைகளுக்கும் எம்மனோர் செய்யும் சிறு பணிகளைத் தாராளமாக வாங்கிக்கொள்ளுங்கள். பிழை கண்டவிடத்துத் திருத்துங்கள். முகவுரை எழுதும் நாளில் தெர்தியுவுக்குக் கிடைத்த அந்த ஒரு வரியை மறவாதிருங்கள்.